இடது பக்கம் திரும்பிய கிளாரினட்

அரியலூர்
4.11.2001

மச்சான் தர்மன் அவர்களுக்கு,

கொளஞ்சியப்பன் எழுதுவது. நலமா என்று கேட்கப்போவதில்லை. பத்து மாதமாக என்னோடு பேசாமல் இருக்கிற தெம்பு நலமில்லாத ஆளுக்கு வராது. எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசலாமே என்று மருதாயி சொன்னாள். போனில் பேசினால் உன் அண்ணன் குறுக்கே பேசுவார், கடிதத்தில் அது முடியாது என்று சொல்லிவிட்டேன்.

விஷயம் இதுதான். இங்கே மாதா கோயிலுக்குப் புதிதாக ஃபாதர் சவரிராயன் வந்திருக்கிறார். அமெரிக்காவில் இரண்டு வருஷம் படித்தவர். வரும்போது ஒரு கேசட் கொண்டுவந்திருக்கிறார். ஜாஸ் என்று ஒரு வாசிப்பும், காஸ்பல் என்று கைதட்டிப் பாடுகிற சாமி பாட்டும் அதில் கலந்து இருக்கின்றன. டிசம்பர் 23, ஞாயிறு சாயங்காலம் கோயில் மைதானத்தில் அதே மாதிரி ஒரு கிறிஸ்துமஸ் கச்சேரி நடத்தியே தீரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். பாடுவதற்குக் கோயில் பாட்டுக் குழுப் பெண்கள் இருக்கிறார்கள். வாசிக்க நம் பேண்டு செட்.

நம் செட் என்று கை தவறி எழுதிவிட்டேன். என் பாதி செட்.

ஜாஸ் என்றால் என்ன என்று ஃபாதரைக் கேட்டேன். "மெட்டு ஒண்ணுதாங்க. ஆனா ஆளாளுக்கு அவங்க இஷ்டத்துக்கு வாசிப்பாங்க. ஒருத்தர் முந்துவாரு, ஒருத்தர் மடக்குவாரு, கடைசில எல்லாரும் ஒரு எடத்துல வந்து சேந்துடுவாங்க" என்றார். பதினோரு வருஷமாக நாம் செய்துகொண்டிருந்தது அதுதான். அதற்கு ஒரு பெயர் இருப்பது இப்போதுதான் தெரிகிறது. கடைசியில் ஒரு இடத்தில் வந்து சேர்வது மட்டும்தான் நமக்கு வரவில்லை.

கேசட்டில் எல்லாப் பாட்டையும் டிரம்பட்தான் எடுத்துக்கொடுக்கிறது. அரியலூரில் டிரம்பட் இல்லை. இருந்த ஒன்றும் வலது பக்கம் திரும்பிப் போய்விட்டது. கேசட்டை நகல் எடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஃபாதர் கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன், எனக்காக அல்ல. மார்கழியில் கல்யாணம் கிடையாது என்பது எனக்கும் தெரியும். ஆகவே வேலை இருக்கிறது என்று கதை விட வேண்டாம்.

மருதாயி ஒன்று சேர்த்து எழுதச் சொல்கிறாள். சித்திரை பிறந்தால் சத்யாவுக்கு நாலு வயது. உங்கள் வீட்டு வழக்கப்படி ஒற்றைப்படை வயதில்தான் காது குத்த வேண்டும். மூன்றை விட்டால் ஐந்துதான். தாய்மாமன் மடி இல்லாமல் எந்த மடியில் உட்காரவைத்துக் குத்துவது என்று கேட்கிறாள். என் மடி செல்லாதாம்.

இப்படிக்கு,
கொளஞ்சியப்பன்

பெரம்பலூர்
12.11.2001

மாப்பிள்ளை கொளஞ்சியப்பனுக்கு,

கடிதமும் கேசட்டும் கிடைத்தன. வர முடியாது.

இதோடு முடித்து ஒட்டிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் வலது பக்கம் திரும்பியதை நீங்கள் குத்திக்காட்டியிருக்கிறீர்கள். அதைச் சும்மா விட முடியாது. போன தை மாதம் ஜெயங்கொண்டத்தில் மாப்பிள்ளை அழைப்பு. டிரம்பட் முன்னால் போகும், மற்றதெல்லாம் பின்னால் வரும். இது எல்லா ஊர் செட்டுக்கும் சட்டம். பாதை பிரிகிற இடத்தில் நான் வலது பக்கம் திரும்பினேன். நீங்கள் கிளாரினட்டைத் தூக்கிக்கொண்டு இடது பக்கம் திரும்பினீர்கள். அரியமுத்து பெரிய டிரம்மோடு என் பின்னால் வந்தான், அவன் மனுஷன். வைரக்கண்ணு சைடு டிரம்மோடு உங்கள் பின்னால் வந்தான். பெண் வீட்டார் என்னோடு வந்தார்கள். மாப்பிள்ளையின் கார் உங்களோடு வந்தது. அன்றைக்குப் பிரிந்த செட் இன்றுவரை சேரவில்லை. அந்த ஜனவரியில்தான் அரியலூரைத் தனி மாவட்டமாகவும் பிரித்தார்கள். அரசாங்கத்துக்கு ஆயிரம் காரணம் இருக்கும், உங்களுக்கு என்ன காரணம்?

"இடது பக்கம் திரும்பியது என் தப்பு" என்று ஒரே ஒரு வரி எழுதி அனுப்புங்கள். பிறகு பார்க்கலாம்.

கேசட்டை சும்மா போட்டுக் கேட்டேன். மூணாவது பாட்டை மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டேன். அந்த இடத்தில் டேப் தேய்ந்துவிட்டது, இன்னொரு நகல் அனுப்பவும். டிரம்பட்டை வைத்து இப்படி அழ முடியும் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாமல் போயிற்று.

மார்கழியில் கல்யாணம் கிடையாதுதான். சாவுக்கு மாதம் கிடையாது.

சத்யாவிடம் மாமா கேட்டதாகச் சொல்லவும். வேறு யாரிடமும் சொல்ல வேண்டாம்.

தர்மன்

அரியலூர்
20.11.2001

மச்சான் அவர்களுக்கு,

அந்த வரியை எழுத மாட்டேன். கல்யாண மண்டபம் இடது பக்கத்தில் இருந்தது. என் பின்னால் வந்த மாப்பிள்ளை பத்திரமாக மண்டபத்து வாசலில் போய் இறங்கினார், ஆரத்தி எடுக்கத்தான் ஆள் இல்லை. ஆரத்தித் தட்டெல்லாம் உங்கள் பின்னால் போய் முந்திரித் தோப்புக்குள் நின்றுகொண்டிருந்தது.

இங்கே ஒத்திகை ஆரம்பித்தாயிற்று. டிரம்பட் இடத்தில் ஃபாதர் வாயாலேயே "பாப்பரப்பா" என்று பாடிக்காட்டுகிறார். பாவமாக இருக்கிறது. அதைவிடப் பாவம் கைதட்டல். முதல் அடியை விட்டுவிட்டு இரண்டாவது அடியில்தான் தட்ட வேண்டுமாம், அதுதான் ஜாஸாம். நம் பெண்கள் கும்மி தட்டிப் பழகியவர்கள், முதல் அடியிலேயே பளாரென்று விழுகிறது. "ரெண்டுல தட்டுங்கம்மா, ரெண்டுல" என்று ஃபாதர் கெஞ்சுகிறார். "அப்ப ஒண்ணுல கைய வச்சிக்கிட்டு என்னா ஃபாதர் பண்றது?" என்று ஒரு அம்மா கேட்டது. ஃபாதர் மறுபடியும் பாப்பரப்பாவுக்கே போய்விட்டார்.

சத்யா உங்கள் போட்டோவைக் காட்டி, "புனலை வாயில வச்சிருக்காரே, அவுரா எங்க மாமா?" என்று கேட்கிறாள். ஆமாம் என்று சொன்னேன். "எப்ப எடுப்பாரு?" என்றாள். புதிய நகல் அனுப்பியிருக்கிறேன்.

கொளஞ்சியப்பன்

பெரம்பலூர்
29.11.2001

மாப்பிள்ளைக்கு,

வருகிறேன். சத்யாவுக்காக வருகிறேன், ஃபாதருக்காக வருகிறேன். இதில் உங்களுக்குப் பங்கில்லை. ஒத்திகைக்கு வர மாட்டேன், எனக்கு ஒத்திகை தேவையில்லை. கச்சேரியன்று சாயங்காலம் பஸ் ஏறி வருவேன், வாசிப்பேன், மருதாயியையும் குழந்தையையும் பார்ப்பேன், கடைசி பஸ்ஸுக்கு முன்னால் கிளம்பிவிடுவேன். அரியமுத்துவும் பெரிய டிரம்மும் கூட வரும்.

ஒரு சின்ன விஷயம். மூணாவது பாட்டை எடுத்துவிடலாமா? மற்ற ஏழு பாட்டும் அருமையாக வாசிக்கிறேன். மூணாவது எனக்குச் சரிப்படாது. காரணம் கேட்க வேண்டாம்.

தர்மன்

அரியலூர்
7.12.2001

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்கள் வருவது தெரிந்து மருதாயி வீட்டை இரண்டு தடவை கழுவிவிட்டாள். மூணாவது பாட்டை எடுக்க முடியாது. கச்சேரியே அதற்காகத்தான் என்கிறார் ஃபாதர். தேய்கிற வரைக்கும் கேட்டுவிட்டுச் சரிப்படாது என்றால் யார் நம்புவார்கள்?

நோட்டீஸ் அடித்தாயிற்று. "பெரம்பலூர் டிரம்பட் தர்மன்" என்று கொட்டை எழுத்தில் உங்கள் பெயர். என் பெயர் கீழே பொடியாக இருக்கிறது, அதுபற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. குன்னம், வேப்பந்தட்டை வரைக்கும் பஸ்ஸில் ஒட்டியிருக்கிறோம். உங்கள் பக்கத்து ஜனங்கள் வேன் பிடித்து வருகிறார்களாம்.

கொளஞ்சியப்பன்

பெரம்பலூர்
20.12.2001

மாப்பிள்ளை,

வேன் பிடித்து வருகிறார்கள் என்று படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் வேப்பந்தட்டையில் ஒரு சாவு. வழக்கமாக வாசிப்பதைத்தான் ஆரம்பித்தேன். உதடு தானாக மூணாவது பாட்டுக்குப் போய்விட்டது. வாசலில் இருந்த அத்தனை பேரும் அழுதார்கள். பங்காளிச் சண்டையில் பேசாமல் இருந்த தம்பிக்காரர் ஓடிவந்து பிணத்தின் காலைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் இன்னொரு வீட்டில், "அங்க வாசிச்சீங்களே, அந்தப் பாட்டு" என்று கேட்டார்கள். இந்த நாற்பது நாளில் பதினாலு சாவு. எங்கள் பக்கத்தில் அந்த மெட்டைக் கேட்டால் "யாரு போயிட்டா?" என்றுதான் கேட்பார்கள்.

கோயில் பாட்டைக் கொண்டுபோய்ச் சாவு வீட்டில் வாசித்துவிட்டேன் என்று ஃபாதருக்குத் தெரிந்தால் அவர் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்? கிறிஸ்துமஸ் அதுவுமாக எழவு விழுந்த மாதிரி ஆகிவிடும். இந்தக் கடிதம் கிடைத்ததும் அந்தப் பாட்டை எடுத்துவிடுங்கள். ஃபாதரிடம் என் உதடு வீங்கிவிட்டது என்று சொல்லுங்கள். மேடையில் நான் மூன்று விரலைக் காட்டுவேன். எடுத்தாயிற்று என்றால் நீங்கள் தலையை ஆட்டுங்கள்.

தர்மன்

அரியலூர்
28.12.2001

மச்சான் அவர்களுக்கு,

நீங்கள் 20ஆம் தேதி எழுதிய கடிதம் 27ஆம் தேதி வந்து சேர்ந்தது. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளுக்கு அடியில் கிடந்ததாம். தபால்காரர் சிரித்துக்கொண்டே கொடுத்தார், எனக்கு அடிக்கலாம் போல இருந்தது.

நீங்கள் மூன்று விரலைக் காட்டினீர்கள். மூணாவது பாட்டுக்குத் தயாரா என்று கேட்கிறீர்களாக்கும் என்று நான் தலையை ஆட்டினேன். நீங்கள் நிம்மதியாகச் சிரித்தீர்கள். பதினோரு மாதத்துக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரிக்கிறாரே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த சந்தோஷத்தில்தான் மூணாவது பாட்டை நானே முந்திக்கொண்டு எடுத்தேன். வேறு வழியில்லாமல் நீங்களும் ஊதினீர்கள். என்ன ஊது ஊதினீர்கள் மச்சான்!

நாலாவது வரியில் குன்னத்து வேனில் வந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஆம்பிளைகள் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்கள். பின்வரிசையில் ஒரு அம்மா, "அய்யோ, யாரு போயிட்டா? எனக்குச் சொல்லவே இல்லையே!" என்று ஓங்கி ஒரு குரல் விட்டது. அவ்வளவுதான். அத்தனை பெண்களும் ஆங்காங்கே வட்டமாக உட்கார்ந்து கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்கள். மாட்டுக்கொட்டில் ஜோடனைக்குப் பக்கத்தில் நின்ற மேய்ப்பர் வேஷக்காரரும் தாடியை எடுத்துவிட்டு அழுதார். நான் திரும்பிப் பார்த்தால் உங்கள் நாற்காலியில் டிரம்பட் மட்டும் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு பின்சுவர் ஏறிக் குதித்ததாக வைரக்கண்ணு சொன்னான்.

ஓடிப்போன உங்களுக்கு மிச்சக் கதை தெரியாது. பாட்டைச் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று பயத்தில் மெட்டை வேகமாக ஓட்டினேன். அரியமுத்து டிரம்மை விடாமல் என்னைத் துரத்திக்கொண்டே வந்தான். அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒரு அடி மாரில் அடித்தார்கள், மறு அடி கையைத் தட்டினார்கள். ஒண்ணில் மார், ரெண்டில் கை. ஒரு மாதமாக ஃபாதர் தலைகீழாக நின்றும் வராத கைதட்டல் தானாக வந்து விழுந்தது. ஃபாதர் மேடையில் ஏறி, "அதான்! அதான்! அதான்!" என்று குதித்தார். அழுத ஜனம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தது, பிறகு ஆடியது. அந்தப் பாட்டை நாலு முறை வாசிக்க வைத்தார்கள்.

முடிந்ததும் நான் ஃபாதரிடம் போய் உங்களுக்காக மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "நான் படிச்ச ஊர்ல அது சாவுப் பாட்டுதாங்க. கல்லறைக்குப் போறப்ப மெதுவா வாசிப்பாங்க. அடக்கம் பண்ணிட்டுத் திரும்புறப்ப அதையே வேகமா வாசிச்சி ஆடிக்கிட்டு வருவாங்க. எனக்கு அந்தத் திரும்பி வர்றதுதான் புடிக்கும், அதான் கிறிஸ்துமஸுக்கு வச்சேன். உங்க மச்சானுக்கு இது முன்னாடியே தெரியுமா?" என்றார். "அவருக்குத் தெரியாததா ஃபாதர்" என்று சொல்லி வைத்தேன். எனக்கே என்னை நம்ப முடியவில்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன். நீங்கள் ஓடியபோது சத்யா புதுப் பாவாடை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். "மாமா எங்க?" என்று கேட்டாள். மருதாயி அப்போதிருந்து உங்கள் பெயரை எடுப்பதில்லை. டிரம்பட் என்னிடம் இருக்கிறது. தாய்மாமன் மடி வந்தால் டிரம்பட் வரும்.

கொளஞ்சியப்பன்

பெரம்பலூர்
21.1.2002

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை. டிரம்பட்டை பஸ் பார்சலில் போட்டு அனுப்பிவிடவும். எனக்கு அங்கே வர முகமில்லை. குழந்தை உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் ஓடினேன். அதை நினைத்தால் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

இங்கே வேறு ஒரு சங்கடம். பொங்கலுக்கு மறுநாள் ஒரு கல்யாணச் சாவு, தொண்ணூறைத் தாண்டிய பெரியவர். அந்த வீட்டார் உங்கள் கச்சேரிக்கு வேனில் வந்தவர்கள். "போறப்ப அழுவுற பாட்டு, திரும்புறப்ப ஆடுற பாட்டு, ரெண்டும் வேணுங்க" என்றார்கள். அழுகிற பாட்டுக்கு டிரம்பட் இல்லை. ஆடுகிற பாட்டுக்குக் கிளாரினட் இல்லை. அரியமுத்து மட்டும் பெரிய டிரம்மை டம் டம் என்று அடித்துக்கொண்டு போனான். அதற்கு யாரும் அழவும் இல்லை, ஆடவும் இல்லை. ஏதோ ஏலம் விட வந்தவன் என்று நினைத்தார்கள்.

தர்மன்

அரியலூர்
15.3.2002

மச்சான் அவர்களுக்கு,

பார்சல் அனுப்ப முடியாது. சத்யா அதில் ஊதப் பழகுகிறாள். இதுவரை காற்று மட்டும் வருகிறது, எச்சில் நிறைய வருகிறது. தை போயிற்று, மாசி போயிற்று, பங்குனி பிறந்துவிட்டது. ஏப்ரல் 12, வெள்ளிக்கிழமை நாள் குறித்திருக்கிறோம். ஆசாரிக்கும் சொல்லியாயிற்று. நீங்கள் வராவிட்டால் நாற்காலியில் டிரம்பட்டை வைத்து அதன் பக்கத்தில் குழந்தையை உட்காரவைத்துக் குத்தச் சொல்கிறாள் உங்கள் தங்கை. அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ராத்திரி சோறு போடும்போது கண் கலங்கியிருந்தது.

எனக்கும் நீங்கள் வந்தால் தேவலை. கச்சேரிக்குப் பிறகு எட்டு இடத்தில் வாசித்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் திரும்பிப் பார்த்து ஏமாந்துபோகிறேன்.

கொளஞ்சியப்பன்

பெரம்பலூர்
3.4.2002

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பேப்பர் பார்த்திருப்பீர்கள். அரியலூரைத் திரும்பவும் பெரம்பலூர் மாவட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். அரசாங்கமே இறங்கி வந்த பிறகு நான் மட்டும் ஏறி உட்கார்ந்திருப்பது நன்றாக இல்லை.

மண்டபம் இடது பக்கம்தான் இருந்தது. வலது பக்கம் திரும்பிப் பத்தடி போனதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. முன்னால் போகிறவன் திரும்பி நடந்தால் அசிங்கம் என்று ஊதிக்கொண்டே போனேன். உங்கள் கிளாரினட் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. நீங்கள் என் பின்னால் வந்துவிடுவீர்கள் என்று முந்திரித் தோப்பு வரைக்கும் நம்பினேன். வரவில்லை என்றதும் வந்த கோபம்தான் இத்தனை நாளும். தப்பு என்னுடையது. இதை மருதாயியிடம் படித்துக் காட்டலாம்.

வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். அரியமுத்து வருகிறான். சீர்த் தட்டு ஒன்பது. டிரம்பட்டை பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். தாய்மாமன் சீர் சத்தமில்லாமல் வரக்கூடாது, அங்கிருந்தே வாசித்துக்கொண்டு நடக்கலாம். உங்கள் தெருவுக்கு வருகிற வழியில் ஏரிக்கரையில் பாதை பிரியும் என்று ஞாபகம். இடதா, வலதா என்று இந்த முறை முன்கூட்டியே எழுதிவிடவும்.

தர்மன்

(கார்டு)

அரியலூர்
6.4.2002

அன்புள்ள மச்சானுக்கு,

இடது. வலது பக்கம் சுடுகாடு.

நீங்கள் பழக்க தோஷத்தில் வலது பக்கம் திரும்பிவிட்டாலும் கவலை வேண்டாம். இந்த முறை நான் உங்கள் பின்னாலேயே வருவேன். போகும்போது மெதுவாக வாசிப்போம், திரும்பும்போது வேகமாக வாசிப்போம்.

இது கார்டு என்பதால் தபால்காரர் படித்திருப்பார். மருதாயிக்கு மட்டும் தெரிய வேண்டாம்.

கொளஞ்சியப்பன்